ஸ்பெயினுக்கு வைத்த பரஸ்தானம்

போன வாரம் தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் மூட்டுவலி மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண், தோளில் கைக்குழந்தை, உடம்பில் தேய்க்க ஆலிவ் எண்ணெய் கேட்டார். கடைக்காரர் உள்ளங்கை அளவு டின் ஒன்றை எடுத்துப் போட்டார். "பிள்ளைக்கு ஒத்துக்கிடுமா அண்ணாச்சி?" என்று அவர் கேட்க, கடைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி டின்னைத் திருப்பிப் படித்தார். "ஸ்பெயின் சரக்கும்மா. கண்ண மூடிக்கிட்டுத் தேயி." எனக்குச் சுருக்கென்றது. மாத்திரை வாங்காமலே படியிறங்கி வந்துவிட்டேன். ஒரு நாட்டின் பெயரைக் கேட்டு மூட்டுவலியை மறந்த ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஸ்பெயினுக்கும் எனக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. நான் அந்த நாட்டைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அதன் சாலைகள் எனக்கு மனப்பாடம். வலென்சியாவிலிருந்து கிரனாடாவுக்குப் போகும்போது கடல் எந்த ஊரோடு கண்ணை விட்டு மறையும், எந்த ஊரில் வண்டியை நிறுத்தினால் பிள்ளைகளுக்குச் சோறு கிடைக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அத்தனையும் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற மேலகரத்தில், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்த படிப்பு. பரீட்சை மட்டும் எழுதவில்லை.

எண்ணெய் வாடை என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் குற்றாலம்தான் ஞாபகம் வரும். சீசனில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் இடுப்பில் துண்டோடு நின்று ஆள் கூப்பிடுவார்கள். அந்த நல்லெண்ணெய் வாடை, சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, நாள் முழுவதும் காயாத ஈரத்துணி, இதெல்லாம் சேர்ந்ததுதான் எங்களுக்கு ஆனியும் ஆடியும். வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்துத் தேய்த்துக்கொள்வார்கள். எங்கள் அம்மா எனக்கும் தங்கை பாமாவுக்கும் வீட்டிலேயே தேய்த்து, சீயக்காய்த்தூள் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவாள். ஐந்தருவி வரைக்கும் எண்ணெய் வழிய வழிய நடந்துபோவோம். பாமா வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாள். பேசாமல் இருக்கச் சொன்னால் பாட ஆரம்பித்துவிடுவாள். அதற்குப் பேச்சே தேவலை என்று விட்டுவிடுவேன்.

பாமாவை ஸ்பெயினுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது எங்கள் ஊர்க் காற்று. குற்றாலத்தில் சாரலைக் கொட்டுகிற அதே காற்றுதான் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கீழே இறங்கி சுரண்டை, கடையம் பக்கமெல்லாம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. அந்தக் காற்றாலைகளில் வேலைபார்க்க வந்த என்ஜினியர்தான் அவள் கணவன் சங்கர். நல்ல பையன், உயரத்தில் ஏறினால்தான் சிரிப்பான், தரையில் பேச மாட்டான். அவனுடைய கம்பெனி அவனை ஸ்பெயினில் சரகோசா என்ற ஊருக்கு அனுப்பியது. பாமா போய் இறங்கிய அன்றைக்கே போன் செய்தாள். "அண்ணே, இங்கயும் காத்து பிச்சுக்கிட்டுப் போவுது. நம்ம ஊரு மாதிரியே இருக்கு. சாரல மட்டும் காணும்."

இனி சொல்லப்போவது எனக்குச் சொல்லப் பிடிக்காத விஷயம். ஆனால் இதைச் சொல்லாமல் மற்றது எதுவும் விளங்காது.

பாமா போன மூன்றாம் வருடம் ஒரு வெள்ளிக்கிழமை விடியும்போது அம்மா இறந்துபோனாள். நான்தான் பாமாவுக்குச் சொன்னேன். அவள் அழவில்லை. "நாளைக்கு மத்தியானம் திருவனந்தபுரத்துல எறங்கிருதேன். அங்கன இருந்து கார்ல வந்துருதேன். எடுத்துராதண்ணே" என்றாள். நானும் சரி என்றேன். பத்து மணிக்குச் சொந்தக்காரப் பெரியவர்கள் கூடினார்கள். சனிக்கிழமைக்குப் போடக் கூடாது என்று ஒருவர் ஆரம்பித்தார். இன்னொருவர் தலையாட்டினார். மூன்றாமவர், "பொம்பளப் பிள்ளதானல, வந்து பதினாறுக்கு இருந்துட்டுப் போட்டும்" என்று தீர்ப்பு சொன்னார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால், அம்மா சாவிலும் சட்டம் பேசுகிறான் என்பார்களே என்று பயம். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பாமா சனிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தாள். வாசலில் சாமியானாவைக்கூட அவிழ்த்துவிட்டிருந்தோம். கூடத்துக்குள் வந்து, அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தைத் தானாகவே கண்டுபிடித்து அங்கே நின்றாள். தண்ணீர் விட்டுக் கழுவியிருந்த தரை. பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "எண்ணெய் யாரு வச்சா?"

குளிப்பாட்டுவதற்கு முன் இறந்தவர் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மகள் வைப்பதுதான் முதல். "சித்தி வச்சா" என்றேன். "சரி" என்று சொல்லி, முகம் கழுவி, போட்ட சோற்றைச் சாப்பிட்டாள். பதினாறு நாளும் இருந்தாள், எல்லா வேலையும் செய்தாள். போய்ச் சேர்ந்த பிறகு ஒன்றரை வருடம் என்னிடம் பேசவில்லை. என் மனைவி வள்ளியிடம் பேசுவாள், என் பிள்ளைகளிடம் பேசுவாள். நான் அந்தப் பக்கம் வந்தால் போன் வைக்கப்பட்டுவிடும்.

அப்படி இருந்தவள், ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை என் நம்பருக்கே கூப்பிட்டாள். இடையில் ஒன்றரை வருடம் போனதுபோலவே பேச்சில் இல்லை. "அண்ணே, ஆகஸ்ட்டுல அவுகளுக்கு மூணு வாரம் லீவு. இங்க ஊரே கடையடச்சுட்டுக் கெளம்பிரும். நீ, மதினி, குழலி, கதிரு எல்லாரும் வாங்க. ஒரு பெரிய வேன எடுத்துக்கிட்டு நாட்டையே ஒரு சுத்து சுத்தி வருவோம். சண்ட போடணும்னாலும் வண்டிக்குள்ளயே போட்டுக்கிடுவோம்." நான் மொட்டைமாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். கண் கலங்கியதை வள்ளி பார்த்துவிட்டாள். "தூசியா?" என்று கேட்டாள். பதினைந்து வருடம் கூட இருப்பவளின் கேலி அது.

நான் நிலஅளவைத் துறையில் வரைவாளன். தாலுகா ஆபீஸில் அடுத்தவர் நிலத்துக்கு எல்லை போட்டே தலை நரைத்தவன். என்னிடம் ஒரு தேசத்தைக் கொடுத்தால் விடுவேனா? பெரிய டிரேசிங் தாள் எடுத்து ஸ்பெயினை மையில் வரைந்தேன். சரகோசா, பார்சிலோனா, வலென்சியா, கிரனாடா, செவியா, கோர்தோபா, மத்ரித், மறுபடி சரகோசா. இரவு தங்குகிற ஊருக்கெல்லாம் எங்கள் வழக்கப்படி எல்லைக்கல் குறி போட்டேன். ஆபீஸில் என்னோடு வேலைபார்த்த சர்வேயர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "வே, பட்டா யாரு பேருல?" என்று கேட்டார். வெளிநாடு போகத் துறையிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அதற்கு நான் அலைந்த அலைச்சலில் ஸ்பெயினுக்கு நடந்தே போயிருக்கலாம்.

பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் திட்டம்தான். இங்கே சாரல் அடிக்கும், ஜன்னலைச் சாத்திவிட்டு நாங்கள் நால்வரும் மேஜையில் உட்காருவோம். போனைச் சாம்பார் வாளியில் சாய்த்து வைப்போம். அந்தப் பக்கம் பாமா, சங்கர், ஒன்பது வயது மீரா. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு இடம் என்று பாமா சட்டம் போட்டாள். எட்டு வயதுக் கதிருக்குப் பார்சிலோனாவில் கால்பந்து மைதானம். மீராவுக்கு வலென்சியாவில் மீன் கண்காட்சி. என் மகள் குழலிக்கு அப்போது பதினொன்று. அவள் இடம் கேட்கவில்லை, ஜன்னல் கேட்டாள். யார் எந்த நாள், எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரைக்கும் ஜன்னலோரம் என்று ஒரு நோட்டில் முறை எழுதிவைத்தாள். கடல் தெரிகிற பக்கமெல்லாம் அவள் பெயரே வந்ததை மீராதான் கண்டுபிடித்தாள். "மாமா, குழலி சீட்டிங் பண்ணுதா!" என்று அங்கிருந்து ஒரு கத்தல். ஸ்பெயினில் படிக்கிற பிள்ளை வாயில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்ததில் எனக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம்.

வள்ளி ஸ்வெட்டர் எடுத்துவைத்தாள். ஆளுக்கு இரண்டு. குடை நான்கு. ஆடி, ஆவணி என்றால் உலகமே குளிர்ந்து கிடக்கும் என்றுதானே எங்களுக்கு நினைப்பு? பாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மதினி, செவியால வெயிலு உச்சி மண்டையப் பொளக்கும். ஸ்வெட்டரப் போட்டுட்டு வந்தியன்னா அவிஞ்சிருவிய!" வள்ளி ஸ்வெட்டரை எடுத்துவிட்டுப் புளிக்காய்ச்சல் பாட்டிலை வைத்தாள். பாமாவின் சிரிப்பை அத்தனை நாள் கழித்துக் கேட்டேன். சங்கர்கூடச் சிரித்தான், தரையில் இருந்துகொண்டே.

திட்டத்தில் ஒரே ஒரு நாளுக்கு மட்டும் பாமா எதையும் போட விடவில்லை. கிரனாடாவில் இரண்டாம் நாள். நான் அதில் ஒரு கோட்டையை நுழைக்கப் பார்த்தேன். "அது சும்மா கெடக்கட்டும்ணே" என்றாள். பிள்ளைகள் எழுந்து போன பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அன்னைக்கி பிள்ளைகள அவுகளும் மதினியும் பாத்துக்கிடட்டும். நம்ம ரெண்டு பேரும் எங்கயாவது உக்காந்து பேசணும். அந்த வெள்ளிக்கெழமையப் பத்தி. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுதேன். சொன்னாப் போதும்." நான் "சரிட்டி" என்றேன். தாளில் அந்த நாளைக் காலியாகவே விட்டேன். மொத்தப் பயணமும் அந்த ஒரு நாளுக்காகத்தான் என்பது எனக்கு அப்போதே தெரியும். மைதானம், மீன், ஜன்னல் எல்லாம் அதைச் சுற்றி நாங்கள் வைத்த அலங்காரம்.

விசாவுக்குச் சென்னையில் ஒரு புதன்கிழமை காலை நேரம் கிடைத்தது. அதை விட்டால் அடுத்த தேதி எங்கள் விமானத்துக்குப் பிறகுதான். நால்வரும் நேரில் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்கால ரயிலில் டிக்கெட் போட்டிருந்தேன். அப்போதுதான் எனக்குள் இருந்த பஞ்சாங்கம் விழித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். சென்னை வடக்கு. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வள்ளிகூட, "சவத்தத் தள்ளுங்க, அப்படிப் பாத்தா செவ்வாக்கெழம மெட்ராஸ் ரயிலே ஓடப்படாதுல்லா?" என்றாள். நான்தான் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய பயணம், ஒன்றரை வருடம் கழித்து வந்த போன், எங்காவது சறுக்கிவிடுமோ என்று பயம். பரஸ்தானம் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிளம்பவேண்டிய நாளில் சூலம், ராகுகாலம் என்று ஏதாவது குறுக்கே நின்றால், முந்தியே ஒரு நல்ல நேரம் பார்த்துப் பயணப் பையை மட்டும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிவிட்டதாக அர்த்தம். பிறகு எந்த நேரத்திலும் அந்த வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு அப்படியே போய்விடலாம். இதற்கு மற்றவர்கள் ஒரு துண்டையோ பழைய சட்டையையோ வைப்பார்கள். நான் படித்தவன் இல்லையா, யோசித்தேன். விசாவுக்குப் போவது சட்டையா? பாஸ்போர்ட்தானே? நான்கு பாஸ்போர்ட், தடையில்லாச் சான்று, வங்கிக் காகிதம், பாமா அனுப்பிய அழைப்புக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு நீலப் பையில் போட்டு, திங்கட்கிழமை நல்ல நேரத்தில் வடக்குத் தெரு வேலாயுதம் அண்ணாச்சி வீட்டுக்குக் கொண்டுபோனேன். குழலியும் கூட வந்தாள்.

அண்ணாச்சி மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குச் சொந்தம் கிடையாது, பழக்கம்தான். அவருடைய ஒரே மகன் மணி துபாயில் இருந்தான். பாமாவோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன். அண்ணாச்சி பையைப் பார்த்ததும், "என்ன தம்பி, ஸ்பெயினு எங்க வீட்டு வழியாவா போவுது?" என்றார். கூடத்தில் இரும்பு பீரோ மேலே வைக்கச் சொன்னார். குழலி, "தாத்தா, ஒங்களுக்கு என்ன வாங்கிட்டு வரணும்?" என்று கேட்டாள். "கொஞ்சம் வெயிலு வாங்கிட்டு வாட்டி. ஒரு வாரமா வேட்டி காயமாட்டேங்கு" என்றார். நாங்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் காப்பி குடித்துவிட்டுப் பேப்பரை விரித்த அண்ணாச்சி, அதன் மேலேயே சாய்ந்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எட்டு மணிக்கு நான் அங்கே இருந்தேன்.

இந்த மாதிரி நேரத்தில் தாலுகா ஆபீஸ்காரனுக்கு ஒரு மதிப்பு உண்டு. எல்லார் நம்பரும் அவனிடம் இருக்கும். மணி துபாயிலிருந்து கூப்பிட்டு, பேச முடியாமல் அழுதான். "அண்ணே, எனக்கு வியாழக்கெழம காலையிலதான் வந்து சேர முடியும். அப்பாவ வச்சிருங்கண்ணே." நான் சொன்னேன், "கவலப்படாதலே. நீ வந்து மொகம் பாத்துதான் எடுப்போம். நான் பொறுப்பு." தென்காசியில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவருக்கு நானே போன் போட்டு வரவழைத்தேன். ஒரு பெரியவர், இரண்டு நாள் வைக்க வேண்டுமா, இன்றைக்கே முடித்துவிடலாமே என்று இழுத்தார். "பெத்த மகன் வரவேண்டாமா? நல்லாருக்கே நீங்க பேசுதது!" என்று அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டேன். அவர் வாயை மூடிக்கொண்டார். எதிர்த்துப் பேசினால் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பெட்டியைக் கூடத்தில் இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் வெளியே சாமியானாவுக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில். வாசல் வழியாகப் பார்த்தால் பீரோ மேல் நீலப் பை நன்றாகத் தெரிந்தது. எழுந்து இருபது அடி எடுத்து வைத்தால் போதும். உள்ளே போய், பெண்களை விலகச் சொல்லி, அண்ணாச்சியின் தலைக்கு மேலே கையை நீட்டி எடுக்க வேண்டும். எதற்கு? ஸ்பெயினுக்கு உல்லாசப் பயணம் போக. நினைக்கவே உடம்பு கூசியது. சாவு வீட்டில் வைத்த பரஸ்தானம் இனி நல்லதுக்கு ஆகுமா என்ற யோசனையும் ஒரு ஓரத்தில் ஓடியது. நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

மூன்று மணிக்கு வள்ளி வந்து காதோரம் கேட்டாள். "நான் போயி அந்த அக்காகிட்ட சொல்லி எடுத்துட்டு வரட்டா? ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், "ஏட்டி, சும்மா இரு. ஊரு சிரிக்கும்." நான்கரைக்குக் குழலி வந்தாள். புதுச் சட்டை போட்டு, தலை பின்னி, பயணத்துக்குத் தயாராக இருந்தாள். "அப்பா, நான் சின்னப் பிள்ளதான? நான் போயி எடுத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கப்பா" என்றாள். எத்தனை சரியான யோசனை! நான் என்ன செய்தேன் தெரியுமா? நான்கு பேர் பார்க்க அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். அதற்கு முன்பு அவளை நான் அடித்ததே இல்லை. அவள் அழாமல் திரும்பி நடந்து போனாள். பக்கத்து நாற்காலிக்காரர், "பிள்ளைகளுக்கு இப்ப வெவஸ்தையே கெடையாது" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஆறரை மணி வாக்கில் செங்கோட்டைப் பக்கமிருந்து ரயில் ஊதிக்கொண்டு போனது. எங்கள் வீடு வரைக்கும் அந்தச் சத்தம் கேட்கும். குழலி கேட்டிருப்பாள்.

வியாழக்கிழமை மணி வந்தான், முகம் பார்த்தான், எடுத்தோம். மறுநாள் துக்கம் கேட்கப் போனபோது அண்ணாச்சியின் மனைவி என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். "ஐயோ, ஒங்க பை எங்க பீரோ மேலல்லா இருக்கு! மூணு நாளா எனக்கு நெனப்பே இல்லியே. ஒரு வார்த்த கேக்கப்படாதா? எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லியிருக்க மாட்டனா?" புருஷனை எடுத்த மறுநாள் அந்த அம்மாள் என் பயணத்துக்காக வருத்தப்பட்டார். நான் பையை வாங்கிக்கொண்டு வந்தேன். என்னைத் தடுத்து நிறுத்தியவர்கள் அந்த வீட்டில் யாருமே இல்லை.

பாமாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பாள் அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். விசா மறுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்ல மாட்டார்களாம் என்றும் சேர்த்துக்கொண்டேன். வள்ளியையும் பிள்ளைகளையும் அதையே சொல்ல வைத்தேன். பாமா ஸ்பெயின் அரசாங்கத்தை அரை மணி நேரம் திட்டினாள். "விடுண்ணே, அடுத்த வருசம் பாப்போம். அந்தத் தாளப் பத்திரமா வையி" என்றாள். குழலி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தன்னுடைய ஜன்னல் நோட்டின் பின்பக்கங்களில் கணக்குப் போட ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துக் கணக்கு.

இரண்டு மாதம் கழித்து மணி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான். பாவம், அவனுக்கு என்னைப் புகழத்தான் ஆசை. துபாய் திரும்பிய பிறகு, பழைய சிநேகிதி என்று பாமாவுக்கு நீளமாக எழுதியிருக்கிறான். உங்கள் அண்ணன் இல்லாவிட்டால் அப்பா முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன், ஐஸ் பெட்டி சொன்னது அவர்தான், பெரியவர்களோடு சண்டை போட்டது அவர்தான், பாஸ்போர்ட் பை எங்கள் வீட்டில் கிடந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ரயிலையே விட்டுவிட்டார், தெய்வம் மாதிரி மனுஷன்.

பாமா ஞாயிற்றுக்கிழமை கூப்பிடவில்லை. புதன்கிழமை, நான் ஆபீஸில் இருக்கும்போது கூப்பிட்டாள்.

"மணி அப்பாவுக்கு ஐஸ் பெட்டி சொன்னது நீதானாண்ணே?"

"ஆமா."

"ரெண்டு நாளு வச்சிருந்தியளா?"

"ஆமா."

"நம்ம அம்மாவுக்கு அந்தப் பெட்டிய ஒரே ஒரு நாளு சொல்லத் தோணலியாண்ணே ஒனக்கு?"

 அவள் காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். கிரனாடாவில் காலியாக விட்டிருந்த அந்த நாளை எனக்கு அங்கேயே, தாலுகா ஆபீஸ் வராந்தாவில் கொடுத்துப் பார்த்தாள். தப்பு பண்ணிவிட்டேன்ட்டி என்று ஒரு வார்த்தை. அது வாயில் வரவில்லை. பக்கத்து மேஜைக்காரர் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் போன் அடங்கிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் பையைக் கேட்காமல் இருந்ததற்கு வெட்கம் மட்டும்தான் காரணமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கிரனாடாவில் அவள் முன்னால் உட்கார எனக்குப் பயமாக இருந்திருக்கலாம். ரயில் ஊதிக்கொண்டு போனபோது வருத்தமாக இருந்தது நிஜம். கூடவே, அப்பாடா என்று ஒரு மூச்சும் வந்தது. அதை இப்போதுதான் முதல்முறையாக ஒருவரிடம் சொல்கிறேன், உங்களிடம்.

அப்புறம் கொரோனா வந்தது. உலகமே வீட்டுக்குள் கிடந்தபோது, நாங்கள் போகாததற்கு ஒரு நல்ல சாக்கு கிடைத்தது. வேலாயுதம் அண்ணாச்சி வீட்டை மணி விற்றுவிட்டான். அங்கே இப்போது சீசன் கார்கள் நிற்கிற கட்டண நிறுத்தம். கதிருக்குக் கால்பந்தில் ஆசை விட்டுப்போய்விட்டது. குழலி திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கிறாள். என்னிடம் மரியாதையாகப் பேசுவாள். எதையும் கேட்க மாட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாக இருந்தாலும் மற்ற சீட்டில்தான் உட்காருகிறாள் என்று வள்ளி சொன்னாள். பாமா பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு படம் அனுப்புவாள். ஊரில் எல்லாருக்கும் அனுப்புகிற படம்.

போன வருடம் ஆடியில் குழலி விடுமுறைக்கு வந்திருந்தாள். ஒரு நாள் மத்தியானம் போனைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். மீரா போட்டிருந்த படம். ஒரு லாட்ஜ் பால்கனி, பின்னால் மேகம் மூடிய மலை, நனைந்த கம்பியைப் பிடித்தபடி பாமா நின்றிருந்தாள். முன்பக்கம் நரைத்திருந்தது. "குற்றாலம்ப்பா" என்றாள் குழலி. "சங்கர் மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு மதுரைக்கு வந்தவங்க, இங்கன வந்து மூணு நாளு தங்கியிருக்காங்க." எந்த லாட்ஜ் என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். தென்காசியிலிருந்து அங்கே போக வேண்டுமென்றால் எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் போக வேண்டும். பிறந்த ஊரில் என் தங்கை லாட்ஜில் ரூம் போட்டுத் தங்கியிருக்கிறாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. லாட்ஜ் வரவேற்பில் ஒரு இளவட்டம் உட்கார்ந்திருந்தான். நான் சங்கர் பெயரைச் சொன்னதும் நோட்டைப் புரட்டினான். "ஸ்பெயின்காரங்களா? காலையிலதான ரூம காலி பண்ணிட்டுப் போனாங்க" என்றான். பிறகு என் ஈரத் தலையைப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டான், "நீங்க அவங்களுக்கு என்ன உறவு சார்?"

பக்கத்தில் சோபாவில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எங்கள் ஆபீஸுக்கு வந்துபோகிற ஆள். நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் என்று சொன்னால், பக்கத்திலேயே வீடிருக்கத் தங்கச்சி ஏன் லாட்ஜில் தங்கினாள் என்று நினைப்பார்களே.

"தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.